மேசைமேல் வைத்த கத்தரி

அந்தச் சீருடைக் கடையில் யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று படியேறும்போதே சொல்லிவிடலாம். நிற்காமல் தடதடவென்று ஓடினால் அது காலர் அண்ணனின் மெஷின். கடித்துக் கடித்து நின்று ஓடினால் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுக்கும் மெஷின். புஸ்ஸென்று ஆவி கிளம்பினால் இஸ்திரிக்காரர். இவற்றுக்கெல்லாம் அடியில், பெரிய மரமேசை அதிர, கனத்த இரும்பு துணியை மென்றுகொண்டு போகும் சத்தம் ஒன்று கேட்கும். அது கத்தரி அக்கா.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கடைக்கு வந்த புதிதில் அவருக்குத் தரையில் விழும் துணித்துண்டுகளைப் பொறுக்குகிற வேலைதான். ஒருநாள் அப்போதிருந்த கட்டிங் மாஸ்டர் பெரிய கடை ஒன்றுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லை. முதலாளி நடுக்கூடத்தில் நின்று, "யாருக்கு வெட்டத் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லாரும் புத்திசாலி, குனிஞ்சுக்கிட்டாங்க. நான் அந்த நேரம் பார்த்து நிமிர்ந்து தொலைச்சேன்" என்பார் அக்கா. அன்றிலிருந்து நின்றபடியேதான் வேலை. துணியை அடுக்கடுக்காக விரிப்பார், மாதிரி அட்டையை வைத்துச் சாக்கட்டியால் வரைவார், வெட்டுவார். பள்ளிப் பிள்ளைகள், காவலாளிகள், நர்சுகள், லிஃப்ட் இயக்குகிறவர்கள் என்று ஊரில் பாதிப்பேர் அவர் வெட்டிய துணிக்குள்தான் நடமாடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அவருக்கும் அதில் குறையில்லை. குறையெல்லாம் வலது கட்டைவிரலில். அது அடிமூட்டில் வீங்கி, வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. வீட்டில் பாட்டில் மூடியைத் திறக்கக் கணவரைத்தான் கூப்பிடவேண்டும்.

கத்தரி அவருடைய சொந்தக் கத்தரி. வெட்டுகிறவர்களின் கத்தரியை வேறு யாரும் தொடுவதில்லை, கை மாறினால் அதன் வாய் கெட்டுவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் ஒத்துக்கொண்ட சங்கதி. ஆகவே அக்காவுக்குக் கோபம் வந்தால் திட்டமாட்டார். கத்தரியை எடுத்துக்கொண்டுபோய் முதலாளியின் மேசைமேல் வைப்பார். வேலையை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். சாயங்காலத்துக்குள் முதலாளி அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, இஸ்திரிக்காரர் கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். மறுநாள் காலை மேசை அதிரும். நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

இது மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். எரிச்சல் மிகுந்த மாதங்களில் இரண்டுமுறை.

உண்மையாகவே வேலையை விட்டு நிற்பது வேறு மாதிரி. மேசைமேல் வைத்ததை முதலாளி எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினால் கணக்கு முடிந்தது. அப்படி ஒரே ஒருவருக்குத்தான் நடந்திருக்கிறது. அக்காவுக்கும் முன்பே கடையில் சேர்ந்த கோட்டுத் தையல்காரர், கண்ணாடி அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், பார்வை போய் நூல் கோர்க்க முடியாமல் ஆனபோது தன் அளவு நாடாவை மேசைமேல் வைத்தார். முதலாளி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இழுப்பறைக்குள் வைத்தார். அது கடைசிச் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பு.

கடைசிச் சண்டை ஆஸ்பத்திரி ஆர்டரில் வந்தது. நர்சுகளின் கோட்டுக்கு வெள்ளைத் துணி குறைவாக வந்திருந்தது. கைகளை மட்டும் குறுக்குவாக்கில் போட்டு வெட்டினால் துணி மிச்சமாகும் என்றார் முதலாளி.

"ரெண்டு சலவைக்கு அப்புறம் கை முறுக்கிக்கும்" என்றார் அக்கா.

"துணிதானே முறுக்கும்? போடுறவங்க கையா முறுக்கப்போகுது?"

"முறுக்கினா என்னைத்தான் பேசுவாங்க."

"உன்னை யாருக்குத் தெரியும்? கடையைத்தான் பேசுவாங்க. கடை என்னோடது."

அக்கா நிமிர்ந்தார். கத்தரியைக் கொண்டுபோய் வைத்தார். அளவு சரிபார்க்க வந்திருந்த ஆஸ்பத்திரி ஆள் எதிரிலேயே, "இனிமே வரமாட்டேன்" என்றார். காலர் அண்ணன் தலையைத் தூக்காமல், "இந்த மாசத்து லீவு ஆரம்பிச்சாச்சு" என்றார். காஜா எடுக்கும் பெண், எல்லாரும் காஜா என்றே கூப்பிடுகிறவர், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி முதுகு போனபிறகு சமையலறை அவர் பொறுப்பு.

"என்ன, வெள்ளனவே வந்துட்டே? வச்சுட்டியா?"

"வச்சுட்டேன். இந்தத் தடவை நிஜமா."

"போன தடவையும் நிஜமாதான்."

"போன தடவை கோவம் இருந்துச்சுங்க. இன்னிக்குக் கோவமே வரல. படி இறங்கறப்ப, அப்பாடா, இதுல மறுபடி ஏறவேண்டாம்னுதான் தோணுச்சு."

கணவர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அன்று சாயங்காலம் இஸ்திரிக்காரர் வரவில்லை. காலையில் அக்கா அலாரம் வைக்காமல் தூங்கினார். விழிப்பு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. சமாதானத் தூது என்று நினைத்து, மெதுவாக எழுந்து, முகம் கழுவிவிட்டு எடுத்தார்.

"அக்கா, முதலாளி போயிட்டாரு" என்றார் இஸ்திரிக்காரர். "தூக்கத்துலயே."

முதலாளிக்குப் பிள்ளைகள் இல்லை. குடியிருந்த வீட்டை அக்காள் மகனுக்கு எழுதியிருந்தார். அடக்கமெல்லாம் முடிந்தபின், அவருக்கு உயில் எழுதிக்கொடுத்த வக்கீலம்மா கடைக்கே வந்தார். காஜா மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, உயிலில் கடையைப் பற்றிய வரியை வாசித்தார். கடையும் அதிலுள்ள மெஷின்களும், 'நான் இறக்கும்போது என் கடையில் வேலையில் இருப்பவர்கள் அனைவருக்கும் சம பங்காக'.

ஒரு கை உயர்ந்தது. சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு முந்தின வாரம்தான் சேர்ந்திருந்த, ஐம்பது தாண்டிய, எல்லாரும் புதுசு என்று கூப்பிடுகிற மனிதர்.

"நான் இன்னும் முதல் சம்பளமே வாங்கலீங்களே."

"வேலையில இருந்தீங்களா?"

"இருந்தேன். அன்னிக்கு மூட்டை தூக்கினேன்."

"அப்போ உங்களுக்கும் ஒரு பங்கு."

வக்கீலம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். பேர் போட்டு எழுதினால் அந்தந்த ஆளுக்குப் போகும். இது பேர் போடாமல் ஒரு கூட்டத்துக்கு எழுதியது. கூட்டத்துக்கு ஒரு வாசல் உண்டு. அவர் உயிர் போன நிமிஷத்தில் அந்த வாசல் சாத்திக்கொண்டது. உள்ளே நின்றவர்களை மட்டும் எண்ணவேண்டும். எத்தனை வருஷமாக நின்றார்கள், எவ்வளவு உழைத்தார்கள் என்பதெல்லாம் கேள்வியில்லை. முன்னாடியே போனவர்களுக்கு இல்லை, நாளைக்குச் சேருகிறவர்களுக்கும் இல்லை. உள்ளே ஒருத்தர் குறைந்தால் அவர் பங்கு அவர் வீட்டுக்குப் போகாது, மற்றவர்களுக்குள் பிரியும்.

"அப்போ கண்ணாடி அண்ணனுக்கு?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"இல்லை."

"அவர் வேலைக்குச் சேர்ந்தப்ப நான் பொறந்துகூட இருக்கமாட்டேன்."

"புரியுது. ஆனா அன்னிக்கு அவர் வேலையில இல்லை."

காலர் அண்ணன் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவர். அக்காவைப் பார்க்காமல் பேசினார்.

"அப்படிப் பார்த்தா இன்னொரு கேள்வியும் இருக்கு, மேடம். இந்தம்மா முந்தின நாளே வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. வெளியாள் முன்னாடி வாயால சொல்லிட்டுப் போனாங்க."

மெஷின்கள் எதுவும் ஓடாதபோது அந்த அறை எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"அது எப்பவும் நடக்கிறதுதானே, அண்ணே" என்றார் இஸ்திரிக்காரர். "மறுநாள் வந்துடுவாங்க."

"கத்தரி திரும்பிப்போனா வருவாங்க. அன்னிக்கு உன்கிட்ட கொடுத்துவிட்டாரா?"

"இல்லை."

"காலைல நீதானே கதவைத் திறந்தே? மேசைமேல கத்தரி இருந்துச்சா?"

இஸ்திரிக்காரர் அக்காவைப் பார்த்தார். "இல்லை" என்றார்.

"அப்போ எங்கே இருக்கும்? இழுப்பறையிலதான்."

வக்கீலம்மாவுக்குக் கடை வழக்கத்தைச் சொல்லிப் புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் பெருமூச்சு விட்டார்.

"நான் அவர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன், பேர் போட்டு எழுதுங்கன்னு. 'இங்க ஒருத்தி மாசாமாசம் வேலையை விடுறா, ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட ஓடிவந்து மாத்தி எழுத முடியுமா?'ன்னார்."

"பார்த்தீங்களா, விடுறான்னு அவரே சொல்லியிருக்காரு" என்றார் காலர் அண்ணன்.

"மாத்தி எழுத வேண்டாம்னுதானே அண்ணே சொல்லியிருக்காரு" என்றார் காஜா மெல்ல. சொன்னவுடனே தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீலம்மா தன்னிடமிருந்த சாவியால் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே உடைந்த சாக்கட்டிகள், பட்டன் மாதிரிகள், சுருட்டி வைத்த கண்ணாடி அண்ணனின் நாடா. கத்தரி இல்லை.

வக்கீலம்மாவும் அன்று முடிவு சொல்லவில்லை. அடுத்த வாரம் எல்லாரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் நிலைமை இதுதான். உள்ளே என்றால் கடையில் ஐந்தில் ஒரு பங்கு. வெளியே என்றால், வளைந்த கட்டைவிரலோடு ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தக் கடையும் வெட்ட எடுத்துக்கொள்ளாது, இதே கடையில் காலர் அண்ணனிடம் வேலை கேட்டு நிற்கவேண்டியிருக்கும். இடையில் ஆஸ்பத்திரி ஆர்டர் காத்திருந்தது. வெட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆகவே உள்ளேயா வெளியேயா என்று தெரியாத அந்த வாரம் முழுக்க அவர்தான் வெட்டினார், கடையின் பழைய உபரிக் கத்தரியால். ஒவ்வொரு அடுக்குக்கும் விரல் உயிர்போக வலித்தது. கோட்டுக் கைகளை நேர்வாக்கிலேயே வெட்டினார். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

டீ வந்தால் முதல் கிளாசை அவருக்குக் கொடுத்தார்கள். அதுவே பெரிய தொந்தரவாக இருந்தது. முன்பெல்லாம் ஆறினதுதான் கிடைக்கும்.

துணி அலமாரிக்குப் பின்னால் காஜா ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாலுல ஒண்ணுன்னா எனக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். அதுக்காக நான் ஒண்ணும் மாத்திச் சொல்லமாட்டேன். ஆனா ராத்திரி படுத்தா நாலு, அஞ்சுன்னு மனசு வகுத்துக்கிட்டே இருக்கு. எனக்கே அசிங்கமா இருக்கு."

"எனக்கும்தான் வகுக்குது. எல்லாருக்கும் வகுக்கத்தான் செய்யும். போ, மெஷின் சும்மா கிடக்கு."

கத்தி, கத்தரி தீட்டும் சாணைக்காரர் அந்தத் தெருவுக்கு வாரம் ஒருமுறை வருவார். அந்த வாரம் அவர் வந்தபோது காலர் அண்ணன் படிவாசலில் நின்று வெற்றுத்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாணைக்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"முதலாளி இருக்காரா? மறுநாள் காலையிலயே கொண்டுவரச் சொன்னாரு. எனக்குக் காய்ச்சல், படுத்துட்டேன். கத்துவாரு."

காலர் அண்ணன் செய்தியைச் சொன்னார். சாணைக்காரர் சைக்கிள் பாரில் உட்கார்ந்துவிட்டார். சண்டை நடந்த அன்றைக்குக் கடை மூடுகிற நேரத்தில் முதலாளியே இறங்கிவந்து கொடுத்தாராம். "சாணை மட்டும் இல்ல. நடு ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பிடியில தோல் சுத்தச் சொன்னாரு. அந்தம்மாவுக்கு விரல் வீங்கியிருக்காமே. 'காலைல அவ வர்றதுக்குள்ள கொண்டா. கத்தரியைக் காணோம்னா கடையைத் தலைகீழாக்கிடுவா'ன்னாரு."

காலர் அண்ணன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் கொஞ்சநேரம் நின்றார்.

"கூலி கொடுத்தாரா?"

"இல்லீங்க. பரவால்ல, விடுங்க."

காலர் அண்ணன் சட்டைப்பையில் கைவிட்டுக் கூலியைக் கொடுத்தார். மேலே வந்து பொட்டலத்தை வெட்டுமேசையில் வைத்துவிட்டு, "உன் சாமான் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மெஷினில் உட்கார்ந்தார். வாக்குமூலத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

அக்காவின் முறை கடைசியில் வந்தது. வக்கீலம்மா முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்த தாளை நகர்த்தி, "வேலையை விடலைன்னு எழுதியிருக்கேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அக்கா பேனாவை எடுத்தார், வைத்தார்.

"அன்னிக்கு நான் நிஜமாவே விட்டுட்டேன், மேடம். மத்த நாள் மாதிரி இல்லை. வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன்."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். களைத்துப்போயிருந்தார் அவரும். அன்று அது அவருக்கு ஐந்தாவது ஆள்.

"கத்தரியை வச்சீங்க, வரமாட்டேன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின மாசமும் அதையேதான் செஞ்சீங்க. வித்தியாசம் எங்கே இருந்துச்சு?"

"மனசுல."

"அதை முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. எப்பவும் போலத்தான் வச்சேன்."

"அவர் பார்த்ததும் எப்பவும் போலத்தான். மறுநாள் நீங்க வருவீங்கன்னு சாணைக்குக் கொடுத்திருக்காரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எது வழக்கமோ அதை வச்சுத்தான் பார்க்க முடியும். வீட்டுல வெங்காயம் உரிக்கிறவர்கிட்ட சொன்னதை வச்சு இல்லை." தாளை இழுத்துக்கொண்டு, "'வேலையை விடலை'ங்கிறதை எடுத்துடறேன். நடந்ததை மட்டும் எழுதுவோம். நீங்க சொன்னதையும் சேர்த்தே எழுதறேன். அப்பவும் நீங்க உள்ளதான்" என்றார்.

அக்கா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"உள்ளதானாம்."

"நல்லதுதானே? முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே?"

"நல்லதுதான். ஆனா கடை ஓடினாதான் அஞ்சுல ஒண்ணுக்கு மதிப்பு. வெட்டினாதான் கடை ஓடும். வெட்ட யாரு இருக்கா?"

கணவர் யோசித்துப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்.

ஐந்து பேரும் சேர்ந்து கடையை நடத்துவது என்று முடிவானது. முதலில் செய்த காரியம், கண்ணாடி அண்ணனின் நாடாவை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது. பங்கு கொடுப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. புதுசு தன்னுடையதில் பாதியைத் தருவதாகச் சொல்ல, புதுசின் மனைவி மறுநாள் கடைக்கே வந்து அந்தப் பேச்சை முடித்துவைத்தார். கண்ணாடி அண்ணன் நாடாவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆரம்பத்துல ஒரு இஞ்ச் தேஞ்சிருக்கும், பார்த்து அளங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போதும் இழுப்பறையில்தான் கிடக்கிறது. பூட்டுவதில்லை.

அடுத்த ஆஸ்பத்திரி ஆர்டருக்கு மறுபடி துணி குறைந்தது. காலர் அண்ணன் வெட்டுமேசைக்கு வந்தார்.

"கையை மட்டும் குறுக்கால போட்டா என்னவாம்? இப்ப நம்ம காசு பாரு."

"முறுக்கிக்கும்."

"முதலாளி சொன்னப்ப எனக்கும் புரியல. இப்பத்தான் புரியுது அவர் கஷ்டம்."

"அப்போ அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க" என்றார் அக்கா. தோல் சுற்றிய கத்தரியை எடுத்துக்கொண்டுபோய், யாரும் உட்காராத அந்த மேசைமேல் வைத்தார். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

தெருவுக்கு வந்தபின்தான் உறைத்தது. சாயங்காலம் அதைச் சுற்றிக் கொடுத்தனுப்ப ஆள் இல்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எதிரிலிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது. மேலே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அது அவருக்குக் கேட்டது.

டீ ஆறுவதற்குள் இஸ்திரிக்காரர் படியிறங்கி வந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"யாரு கொடுத்துவிட்டா, தம்பி?"

"நான்தான். அஞ்சுல ஒரு முதலாளி."

"மத்தவங்க?"

"காஜா சரின்னுச்சு. புதுசு வீட்டுல கேட்டுச் சொல்றேன்னாரு, அப்புறம் அவரும் சரின்னுட்டாரு. காலர் அண்ணன் நேர்வாக்குலயே வெட்டச் சொல்லிட்டாரு. ஆனா தான் சொன்னதா சொல்லவேண்டாம்னாரு."

"நாலாச்சு."

"அஞ்சாவது நீங்கதான், அக்கா."

அக்கா பொட்டலத்தை மடியில் வாங்கிக்கொண்டார். மிச்ச டீயைக் குடித்தார். கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீ முன்னால போய் மெஷினை ஓட்டச் சொல்லு. நான் மெதுவாத்தான் ஏறுவேன்."